பனிமலைப் பந்தயமும் சென்னையும்

புதுக்கோட்டை வெயிலில் வளர்ந்த நான் வெண்பனியைப் படத்தில் மட்டுமே கண்டவன். ஆயினும் பனிச்சறுக்குப் பந்தயத்தை நெறிப்படுத்திய ஆர்னால்டு லன் 1888-இல் சென்னையில் பிறந்தவர் என்றறிந்து வியந்தேன்.

நட்ட கொடிகளினூடே வளைந்து வளைந்து மலைச்சரிவில் இறங்குவது ‘ஸ்லாலம்’. முன்பு வளைவின் அழகைப் பார்த்து நடுவர்கள் மதிப்பிட்டனர். விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமுண்டு. லன் 1922-இல் சுவிட்சர்லாந்தின் மியூரன் மலையூரில் அதை மாற்றினார். கொடி தவறாமல் விரைந்து இறங்குபவரே வென்றவர், கடிகாரமே நடுவர்.

அவ்வூரிலேயே 1931-இல் முதல் உலகப் போட்டி நடந்தது. பெண்களும் களம் கண்டனர். ஒலிம்பிக்கோ 1936-இல்தான் இவ்வகைப் பந்தயங்களை ஏற்றது. நம் நாட்டின் ஆஞ்சல் தாக்கூர் 2018-இல் துருக்கியில் ஸ்லாலத்தில் வெண்கலம் வென்றார்.

ஆண், பெண், ஊர், பேர் எதையும் கடிகாரம் கேட்பதில்லை. விளையாட்டுக்கு மட்டுமன்று, தேர்வுக்கும் வேலைக்கும் அத்தகைய அளவுகோலே நமக்கு வேண்டும்.