பாலத்துக்கு அப்பால் வேறு சட்டம்

கடந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு பிரயாண ஏற்பாடு நடந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வசிக்கும் என் மாமாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். உம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. நியூ யோர்க் விமான நிலையத்தில் உம்மா இறங்குவது, மாமா தன் வாகனத்தில் வந்து அழைத்துச் செல்வது என்று முடிவானது. வட்ஸ்அப் அழைப்பில் உம்மா, "ராவையில அவ்வளவு தூரம் தனிய ஓடி வாறியே தம்பி, பயமில்லையா?" என்று கேட்டார். மாமா சிரித்துக்கொண்டே, "என்னத்துக்கு ராத்தா பயம்? லைசன்ஸ் எடுத்த துப்பாக்கி இடுப்பிலயே இருக்கு" என்றார்.

மாமா அங்கே ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை கடையில் கொள்ளை நடந்த பின்னர் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அதை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான பென்சில்வேனியா மாநில அனுமதிப்பத்திரத்தையும் முறைப்படி பெற்றிருந்தார். அதில் சட்டவிரோதம் எதுவுமில்லை.

அந்த நாட்களில் நான் அரசியல் விஞ்ஞானப் பாடத்துக்காகச் சமஷ்டி ஆட்சிமுறை பற்றி ஓர் ஒப்படை தயாரித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க வரைபடம் என் மேசை மேல் விரிந்து கிடந்தது. பிலடெல்பியாவிலிருந்து டெலவெயர் ஆற்றைக் கடந்தால் நியூ ஜேர்சி மாநிலம். அதை ஊடறுத்துச் சென்றால்தான் நியூ யோர்க். ஒரே பிரயாணத்தில் மூன்று மாநிலங்கள். மாமாவின் கையில் இருப்பதோ ஒரு மாநிலத்தின் அனுமதிப்பத்திரம். அது மற்ற இரண்டிலும் செல்லுபடியாகுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஒரு நாடு, ஐம்பது சட்டங்கள்

நமது நாடு ஒற்றையாட்சி நாடு. துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் முழுத் தீவுக்குமாக ஒழுங்குபடுத்துகிறது. மாகாண எல்லையைத் தாண்டும்போது குற்றவியல் சட்டம் மாறுவதில்லை. ஆகவே அமெரிக்க நிலைமை நமக்குச் சற்று விநோதமாகத் தோன்றும்.

ஐக்கிய அமெரிக்கா ஒரு சமஷ்டி. அங்கே மத்திய அரசாங்கத்துக்குச் சில அதிகாரங்களே உண்டு. குற்றங்களை வரையறுப்பதும் தண்டிப்பதும் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கின்றன. 1791இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமையைப் பற்றிப் பேசுகிறது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று 2022 ஜூனில் தீர்ப்பளித்தது. நியூ யோர்க் சட்டம் ஒன்றுக்கு எதிரான அவ்வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ்.

உரிமை இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னாலும், அனுமதிப்பத்திரம் வழங்கும் நிபந்தனைகளை மாநிலங்கள் விதிக்கலாம். இங்குதான் வேறுபாடு தொடங்குகிறது. வேர்மொண்ட் மாநிலம் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிப்பத்திரம் கேட்டதே இல்லை. அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் அந்த நிபந்தனையை நீக்கின. 2024ஆம் ஆண்டளவில் இவ்வாறான மாநிலங்களின் தொகை 29 ஆகிவிட்டது. மறுபுறம் இலினோய்ஸ் மாநிலம் 2013 வரையில் பொதுமக்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கவேயில்லை. இன்று அங்கே அனுமதிப்பத்திரம் பெற 16 மணிநேரப் பயிற்சி வேண்டும். மாமா வசிக்கும் பென்சில்வேனியாவில் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் பயிற்சி கட்டாயமில்லை.

ஒரு மாநிலம் வழங்கிய சாரதி அனுமதிப்பத்திரத்தை எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொள்கின்றன. துப்பாக்கி அனுமதிப்பத்திரத்துக்கு அப்படியான பொது ஏற்பு இல்லை. எந்த மாநிலத்தின் பத்திரத்தை ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானிக்கிறது. சில மாநிலங்கள் எல்லாப் பத்திரங்களையும் ஏற்கின்றன. சில, தம்முடன் உடன்படிக்கை செய்த மாநிலங்களின் பத்திரங்களை மட்டும் ஏற்கின்றன. நியூ ஜேர்சியும் நியூ யோர்க்கும் வேறெந்த மாநிலத்தின் பத்திரத்தையும் ஏற்பதில்லை. என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆற்றின் இக்கரையில் சட்டத்தை மதிக்கும் கடைக்காரரான மாமா, பாலத்தைத் தாண்டியதும் குற்றவாளியாகிவிடுவார்.

உண்மையைச் சொன்ன தாய்

இது வெறும் ஏட்டுச் சட்டமல்ல. 2013 ஒக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த, இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு பெண் தன் வாகனத்தில் நியூ ஜேர்சிக்குச் சென்றார். அவரிடமும் என் மாமாவிடம் இருந்த அதே பென்சில்வேனியா அனுமதிப்பத்திரம் இருந்தது. வீதிப் போக்குவரத்துத் தவறு ஒன்றுக்காகப் பொலிஸார் வாகனத்தை நிறுத்தினார்கள். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவராகவே சொன்னார். தன் பத்திரம் அங்கும் செல்லும் என்று நம்பியிருந்தார். உடனே கைது செய்யப்பட்டார். குற்றவாளியாகக் காணப்பட்டால் குறைந்தது மூன்றரை ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்ற நிலை. நாடெங்கும் எழுந்த விமர்சனத்தின் பின்னர் அவ்வழக்கு சிறைத்தண்டனையில்லாத மாற்று வழிக்குத் திருப்பப்பட்டது. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஆனால் கைதுக்கும் மன்னிப்புக்கும் இடையில் ஒன்றரை வருடம் கழிந்திருந்தது.

இதை வாசித்தபோது என் மனம் படபடத்தது. சட்டம் தெரியாது என்பது தப்பிக்கும் காரணமாகாது என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அதன் பொருளை அன்றுதான் உணர்ந்தேன்.

மத்திய அரசாங்கம் போட்ட ஒடுங்கிய பாதை

அப்படியானால் துப்பாக்கியுடன் மாநிலம் விட்டு மாநிலம் போகவே முடியாதா? முடியும். 1986இல் கொங்கிரஸ் நிறைவேற்றிய துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் ஒரு வழியைத் திறந்திருக்கிறது. அதன் நிபந்தனைகளைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

முதலாவது, புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் ஆகிய இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் அவருக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். இரண்டாவது, துப்பாக்கியில் ரவைகள் நிரப்பப்பட்டிருக்கக் கூடாது. மூன்றாவது, துப்பாக்கியோ ரவைகளோ வாகனத்தில் அமர்ந்திருப்பவர்களின் கைக்கு எட்டக் கூடாது. டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வாகனமாயின் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டாஷ்போர்ட் லாச்சியைப் பூட்டி வைத்தாலும் அது பூட்டிய பெட்டியாகக் கணிக்கப்படாது.

பென்சில்வேனியாவிலிருந்து நியூ யோர்க் ஊடாக வேர்மொண்ட் செல்பவர் இந்த நிபந்தனைகளுக்கு அமைய நடந்தால் பாதுகாப்புப் பெறலாம். என் மாமாவோ நியூ யோர்க்குக்கே வருகிறார். போய்ச் சேரும் இடத்திலேயே உரிமை இல்லை. எனவே துப்பாக்கியை டிக்கியில் பூட்டி வைத்தாலும் இந்தச் சட்டம் அவருக்கு உதவாது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சட்டம் பாதுகாப்பது துப்பாக்கியைப் பொதிசெய்து கொண்டுசெல்பவரைத்தான். இடுப்பில் மறைத்து வைத்திருப்பவரை அது ஒருபோதும் பாதுகாக்காது.

வழியில் தங்கினாலும் சிக்கல் வரலாம். 2005இல் யூட்டா மாநிலத்தவர் ஒருவர் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் புறப்பட்டார். துப்பாக்கியை விதிப்படி பூட்டி, விமான நிறுவனத்துக்கு அறிவித்துப் பொதியில் அனுப்பியிருந்தார். நியூ ஜேர்சியின் நெவார்க் நகரில் அடுத்த விமானம் தவறிவிட்டது. தன் பொதியைப் பெற்றுக்கொண்டு ஹோட்டலில் ஓரிரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதை அறிவித்தபோது கைது செய்யப்பட்டுச் சில நாட்கள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஹோட்டலில் இருந்த இரவில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தது என்பதே காரணம்.

விமானம், பாடசாலை, பொலிஸ்

விமானத்தில் கைப்பையில் துப்பாக்கி கொண்டு செல்ல எந்த மாநில அனுமதிப்பத்திரமும் இடமளிக்காது. ரவை நீக்கி, கடினமான பெட்டியில் பூட்டி, விமான நிறுவனக் கருமபீடத்தில் அறிவித்து, பொதியில்தான் அனுப்ப வேண்டும். அப்படியிருந்தும் 2023இல் மாத்திரம் விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ரவை நிரப்பியவை.

பாடசாலை வலயம் பற்றிய மத்திய சட்டமும் உண்டு. பாடசாலை வளவிலிருந்து 1,000 அடி தூரத்துக்குள், அதாவது ஏறத்தாழ 305 மீற்றருக்குள், துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அந்தப் பாடசாலை அமைந்துள்ள மாநிலமே வழங்கிய அனுமதிப்பத்திரம் இருப்பவருக்கு விலக்கு உண்டு. ரவை நீக்கிப் பூட்டி வைத்திருப்பவருக்கும் விலக்கு உண்டு. ஒரு நகரத்தின் ஊடாக வாகனம் ஓட்டுபவர் எத்தனை பாடசாலைகளைக் கடந்து செல்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

பொலிஸார் நிறுத்தும்போது துப்பாக்கி இருப்பதை உடனே சொல்ல வேண்டும் என்று மிச்சிகன் போன்ற சில மாநிலங்கள் கட்டாயப்படுத்துகின்றன. வேறு சில மாநிலங்களில் கேட்டால் மட்டும் சொன்னால் போதும். சொல்வதும் எப்போதும் பாதுகாப்பைத் தருவதில்லை. 2016 ஜூலையில் மினசோட்டா மாநிலத்தில், பாடசாலை உணவகம் ஒன்றில் பணியாற்றிய 32 வயதுக் கறுப்பின இளைஞர், அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைப் பொலிஸ் உத்தியோகத்தரிடம் மரியாதையாகச் சொன்னார். சில வினாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். பின் ஆசனத்தில் நான்கு வயதுப் பெண்குழந்தை இருந்தாள். அந்த உத்தியோகத்தர் 2017இல் ஜூரியினரால் விடுவிக்கப்பட்டார்.

இரு பக்க நியாயங்கள்

துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தையும் சாரதி அனுமதிப்பத்திரம் போல எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபை 2017 டிசம்பரில் நிறைவேற்றியது. செனட் சபையில் அது நிறைவேறவில்லை. ஆதரிப்போர், எல்லைக் கோட்டைத் தாண்டியதற்காக அப்பாவிகள் சிறை செல்வது அநீதி என்கிறார்கள். எதிர்ப்போர், 16 மணிநேரப் பயிற்சி கேட்கும் மாநிலம், பயிற்சியே கேட்காத மாநிலத்தின் பத்திரத்தை ஏன் ஏற்க வேண்டும் என்கிறார்கள். அப்படி ஏற்றால் மிகத் தளர்வான சட்டமே நாடு முழுவதற்குமான சட்டமாகிவிடும் என்பது அவர்களின் அச்சம். அந்தத் தாயின் கதையை நினைத்தால் முதலாவது நியாயமாகப்படுகிறது. நியூ யோர்க் நெரிசலையும் அந்தப் பெண்குழந்தையையும் நினைத்தால் இரண்டாவதும் நியாயமாகவேபடுகிறது. சமஷ்டி முறையின் நன்மையும் சிரமமும் ஒரே நாணயத்தில் இருப்பதை என் ஒப்படையில் இந்த உதாரணத்தால்தான் விளக்கினேன்.

மாமாவுக்கு இதை யார் சொல்வது? பெரியவர் ஒருவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பது மரியாதையில்லையோ என்று இரண்டு நாள் தயங்கினேன். வாப்பாதான், "நல்ல விஷயம் சொல்லுறதுக்கு வயசு பார்க்கத் தேவல்ல மகள்" என்றார். அழைத்துச் சொன்னேன். மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாலத்துக்கு அங்கால இந்தப் பேப்பர் செல்லாதெண்டு ஒருத்தரும் சொல்லல்லயே மகள்" என்றார். மறுநாள் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டிருக்கிறார். அவரும் அதையே சொன்னாராம்.

உம்மாவை அழைத்துவர மாமா துப்பாக்கியைக் கடைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, தன் மகனையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பிய உம்மாவிடம், அந்த எல்லைகள் எப்படி இருந்தன என்று கேட்டேன். "எல்லையா? ஒரு போர்டு மட்டும்தான் இருந்திச்சு. 'வருக' எண்டு போட்டிருந்திச்சு" என்றார் உம்மா.

(உயர்தரம், கலைப்பிரிவு)