கடைப் பையனும் பத்தாம் வகுப்பும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் இந்தக் காட்சியை நம்மில் பலரும் பார்த்திருப்போம். மூட்டை தூக்குகிறவரோ, கடனுக்குச் சாமான் வாங்குகிறவரோ, மகனை அழைத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பார். "அண்ணாச்சி, இவனுக்குப் படிப்பு ஏறலை. உங்க கடையில போட்டுக்கிடுங்க, சம்பளம் பிறகு பார்த்துக்கிடலாம்" என்பார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

படிப்பு ஏறவில்லை என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் இலவசம். மதியச் சாப்பாடும் உண்டு. அப்படியிருந்தும் ஏன் நிற்கிறான்? பெற்றோர் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ வெளியூர் போனபோது கூடவே போய், மாதக்கணக்கில் வகுப்பைத் தவறவிட்டிருப்பான். திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனும் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடுகிறான். அங்கே திணறுகிறான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தகப்பனார் வாங்கிய முன்பணம் வேறு கழுத்தை நெரிக்கிறது.

சட்டத்தை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறோம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 14 வயதைத் தாண்டி 17 நிரம்பாதவர்களைப் பற்றி 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை. நாளுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இரவு 7 மணிக்குமேல் கடையில் நிறுத்தவே கூடாது.

"நாங்களெல்லாம் பொட்டலம் மடித்துத்தானே முதலாளி ஆனோம்?" என்று மூத்த வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்குச் சிட்டையும் மனக்கணக்கும் போதும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. உணவுப் பொருள் விற்க உரிமம் வேண்டும். படிப்பை விட்டு வருகிற பையன் இனி மூட்டைப் பக்கமே நிற்பான். கல்லாப் பக்கம் வருவது சிரமம்.

பிள்ளைகளின் படிப்பு வியாபாரிகளுக்குப் புதிய விஷயமும் அல்ல. விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி, கடைக்காரர்களின் மகமையாலும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியாலும் நடந்தது. அங்கே படித்த காமராசர், தந்தையை இழந்த குடும்பத்தின் வறுமையால் படிப்பை விட்டுவிட்டு மாமன் கடையில் வேலைக்கு நின்றவர். முதலமைச்சரான பின் 1956இல் அவர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்ததற்கு அந்தக் கடை வாசலும் ஒரு காரணம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கும் சங்கக் கட்டடங்களின் மாடி பெரும்பாலும் மாலையில் பூட்டித்தான் கிடக்கிறது. 7 மணிக்கு வேலை முடிகிற பையன்களுக்கும், கிட்டங்கித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் அங்கே ஓர் ஆசிரியரை அமர்த்தலாம். சம்பளத்தை மகமைக் கணக்கில் எழுதலாம். முதல் ஆறு மாதம் வாசிப்பும் கணக்கும் மட்டும் போதும். பாடப் புத்தகத்தை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை கைவிட்டுப் போகிற பிள்ளைகள் உண்டு. அந்த விண்ணப்பங்களை எழுதிக்கொடுக்க நம் கணக்குப்பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் ஆகும்.

பள்ளியை விட்டுவிட்டவனும் தனித்தேர்வராகவோ, 14 வயது நிரம்பியிருந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ பத்தாம் வகுப்பு எழுதலாம். திறந்தநிலைப் பள்ளித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் நடக்கிறது. தீபாவளி வியாபாரத்தை விட்டுவிட்டுப் பையனைத் தேர்வுக்கு அனுப்ப எந்த முதலாளிக்கும் மனசு வராது. ஏப்ரல் தேர்வுக்கே பெயர் கொடுத்துவிடுங்கள்.