திருச்சபைத் தீர்ப்பும் அரசுத் தீர்ப்பும்

மறைமாவட்டத் திருமண மன்றம் "இத்திருமணம் செல்லாது" என்று தீர்ப்பளித்துவிட்டால் தடைகள் யாவும் நீங்கிவிட்டன என்று நம் குடும்பங்களுட் பல நம்பியிருக்கின்றன. அத்தீர்ப்பைக் கையில் ஏந்தி வந்து, வரும் ஞாயிறன்றே ஓலை வாசிக்கும்படி கேட்போரும் உளர். அவர்களிடம் நாம் முதலில் வினவுவது, "அரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு எங்கே?" என்பதாகும். கேட்டதும் முகம் வாடுகிறது. சிலருக்குச் சினமும் எழுகிறது. திருச்சபையே விடுவித்த பின்னர் அரசுக்கு இதில் என்ன வேலை என்பது அவர்தம் வாதம்.

பீடத்தின் முன் மணமக்களின் கைகளை நாம் இணைத்துவைக்கும் வேளையில் இரண்டு முடிச்சுகள் விழுகின்றன. ஒன்று திருவருட்சாதனம். மற்றொன்று, 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் மணம். மணநாளன்று உண்மையான சம்மதம் இருந்ததா, அச்சுறுத்தலோ வஞ்சகமோ நிகழ்ந்ததா, மணவாழ்வின் கடமைகளைத் தாங்கும் மனவலிமை இருவரிடமும் இருந்ததா என்று நம் மன்றம் ஆராய்கிறது. அது மணமுறிவு வழங்குவதில்லை; தொடக்கத்திலேயே திருவருட்சாதனப் பிணைப்பு உண்டாகவில்லை என்று அறிவிக்கிறது. இரண்டாவது முடிச்சை அது தொடுவதே இல்லை.

இதை அறியாமையால் விளையும் கேடு சிறிதன்று. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை ஒவ்வொரு பங்கிலும் எடுத்துரைத்தல் நலம். ஒரு பெண்ணின் முதல் திருமணம் செல்லாது எனத் திருச்சபை மன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதனை நம்பி அவர் மறுமணம் புரிந்தார். பின்னர் அந்த இரண்டாம் கணவரே, முதல் மணம் சட்டப்படி நிலைத்திருக்கிறது, ஆகவே எங்கள் மணம் செல்லாது என்று வழக்காடினார், வென்றும் விட்டார். திருச்சபைத் தீர்ப்புக்குச் சமய அளவில் மதிப்பு இருக்கலாம், நாட்டுச் சட்டப்படியான மணத்தை அது அகற்றாது என்பதே உச்ச நீதிமன்றத்தின் முடிவு. தவறேதும் செய்ததாக அறியாத ஒரு பெண் இவ்வாறு மனைவி என்னும் நிலையையே இழந்தார்.

திருச்சபை மன்றங்களின் தீர்ப்புக்குச் சட்ட ஏற்பு வேண்டுமென்று கர்நாடகக் கத்தோலிக்கர் ஒருவர் தொடுத்த மனுவையும் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. முத்தலாக்கை ஏற்கும்போது எங்கள் சட்டத்தை ஏன் ஏற்கலாகாது என்பது அம்மனுவின் வாதங்களுள் ஒன்று. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே முத்தலாக்கும் செல்லாததாயிற்று! எனவே அவ்வழியில் இனி நம்பிக்கை வைப்பதற்கில்லை. அரசுத் தீர்ப்பின்றி மறுமணம் புரிந்தால், பாரதிய நியாய சன்ஹிதையின் 82-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. திருச்சபைச் சட்டமும் இதில் அரசுக்கு எதிர்நிற்கவில்லை. நாட்டுச் சட்டம் ஏற்காத மணத்தை ஆயரின் அனுமதியின்றி நடத்தலாகாது என்று குருக்களாகிய எங்களை அதன் 1071-ஆம் விதி கட்டுப்படுத்துகிறது. ஆதலின், ஓலை வாசிக்க மறுக்கும் பங்குக்குருவைக் கடின நெஞ்சினர் என்று கருதவேண்டாம்.

நேர்மாறான பிழையும் உண்டு. அரசு நீதிமன்றம் மணமுறிவு வழங்கியதாலேயே பீடத்தின் முன் மீண்டும் மணக்க முடியாது. இதனை நம் மக்கள் பெரும்பாலும் அறிவர். இதன் நிழலாக வளர்ந்துள்ள அச்சமே நம்மை வருத்துகிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொண்டு, நீதிமன்றப் படியேறுவதே பாவம், ஏறினால் நற்கருணை வாங்க முடியாது என்று எண்ணி வாழ்நாளைக் கழிக்கும் பெண்கள் எத்தனை பேர்! சில உரிமைகளையும், பிள்ளைகளின் பராமரிப்பையும், குடும்பச் சொத்தையும் காக்க வேறு வழியில்லையெனில், அரசு மணமுறிவைப் பொறுத்துக்கொள்ளலாம், அது ஒழுக்கக் குற்றமாகாது என்று கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2383-ஆம் எண் தெளிவாகவே கூறுகிறது. மணமுறிவு பெற்றும் மறுமணம் செய்யாமல் வாழ்பவருக்கு, அக்காரணத்தால் நற்கருணை மறுக்கப்படுவதில்லை. இவர்களைக் கண்டு கோவிலில் விலகி அமரும் நம் சகோதரிகள் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

இவ்வச்சத்திற்குப் பழைய சட்டமும் ஒரு காரணம் என்போம். 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும்; மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிலைநாட்ட வேண்டும். மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்யவேண்டும். வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்குக் கிடைக்கும் தொகை கணவனின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. இவையனைத்தும் 2001-ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஒழிந்தன. கொடுமையோ, ஈராண்டு கைவிடலோ இன்று தனித்தனியே போதிய காரணங்கள். தொழுநோய் ஒரு காரணமாக இருந்ததும் 2019-இல் நீக்கப்பட்டது.

திருச்சபையிலும் இத்தகைய எளிமை வந்துள்ளது. முன்பு முதல் மன்றத்தின் தீர்ப்பை மற்றொரு மன்றம் உறுதிசெய்தாக வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் பிறப்பித்த புதிய விதிகளால் 2015 டிசம்பர் 8 முதல் ஒரே தீர்ப்பு போதும். மேல்முறையீட்டு உரிமை மட்டும் அப்படியே உள்ளது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். திருமணம் செல்லாது என அறிவிக்கப்பட்டால் தம் மக்கள் முறைதவறிப் பிறந்தவராகிவிடுவரோ என்று தாய்மார் கலங்குகின்றனர். அவ்வாறன்று. இருவருள் ஒருவரேனும் நல்லெண்ணத்தோடு மணந்திருப்பின், பிள்ளைகள் முறையான மக்களே என்பது திருச்சபைச் சட்டத்தின் 1137-ஆம் விதி. அவர்களை வளர்க்கும் கடமையையும், ஒருவர்க்கொருவர் உள்ள பொறுப்பையும் தீர்ப்பிலேயே நினைவூட்டவேண்டும் என்றும் விதி உண்டு. ஆயினும் நினைவூட்டலால் பள்ளிக் கட்டணம் செலுத்த இயலாது. பராமரிப்புத் தொகையை வசூலித்துத் தரும் வலிமை அரசு நீதிமன்றத்திற்கே உண்டு. திருச்சபைத் தீர்ப்போடு நின்றுவிடும் தாய் அதனையும் இழக்கிறாள்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்போர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை அணுகுக. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்கள் இலவச சட்ட உதவி பெறும் உரிமையுடையர். திருமணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் உடன் கொண்டு செல்லவேண்டும். திருமணச் சான்றிதழ் காணாமற் போயிருந்தால், மணம் நடந்த பங்கின் பதிவேட்டிலிருந்து மறுபடி பெற்றுக்கொள்ளலாம்.