ஏழு பேர்ச்சில் எத்தனை மரம்?

கண்டிப் பக்கத்து நக்கிள்ஸ் மலையில் ஏலம் பயிரிடுவதற்கு 1985இல் தடை வந்தது. பயிரிட்டவர்கள் இறங்கிவிட்டார்கள், செடி இறங்கவில்லை. கைவிட்ட இடங்களில் ஏலம் தானாகவே புதர்கட்டி, பூத்து, காய்த்துக்கொண்டிருக்கிறது. சந்தையில் விலை இருக்கும்வரை பறிக்க ஆளும் போகத்தான் செய்யும்.

ஏலத்துக்கு நிழல் வேண்டும். அதனால் பெரிய மரங்களை விட்டுவைத்து, அடியிலிருக்கும் செடிகொடிகளோடு மரக்கன்றுகளையும் சேர்த்து வெட்டித் துப்புரவாக்கினார்கள். எதிர்மலையில் நின்று பார்ப்பவருக்குக் காடு காடாகவே தெரியும். உள்ளே போனால் தாத்தாமார் நிற்பார்கள், பேரப்பிள்ளைகளைக் காணோம். காயை உலர்த்தும் கொட்டில்களில் எரிந்த விறகும் அதே காட்டு விறகுதான். ஆகவே தடை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2000இல் 17,500 ஹெக்டேயர் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டதும், 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக நக்கிள்ஸ் ஏறியதும் நல்ல காரியங்களே. ஏலக்காட்டில் களை வெட்டி, காய் பறித்து, விறகு சுமந்த கைகளுக்கு மாற்று வேலை எது என்பதை மட்டும் அந்த அறிவிப்புகள் சொல்லவில்லை.

மக்களைச் சேர்த்துக்கொண்டு காடு வளர்ப்பது கண்டிக்குப் புதிதல்ல. 1982இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தொடங்கிய சமூக வனத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. விறகு மரம் நடுவதே அதன் பெரிய நோக்கம். 1995ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை, காட்டைப் பராமரிப்பதில் மக்களும் பங்காளிகள் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. 2012இல் ஆஸ்திரேலிய நிதியோடு நாட்டில் இன்னொரு சுற்று. பெயர் மாறினாலும் வழிமுறை ஏறத்தாழ ஒன்றுதான். ஊரில் ஒரு சங்கம், காட்டில் ஒரு துண்டுக்கு எல்லை, அதற்கு ஒரு முகாமைத்துவத் திட்டம். சங்கத்தவர் தீத்தடுப்புப் பாதை வெட்டுவார்கள், கன்று நடுவார்கள், சுழற்சிக் கடன் எடுப்பார்கள்; பதிலுக்கு விறகும் மூலிகையும் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் ஒரு சங்கம் என்கிறார்களே, அது எந்த ஊர்?

இந்த மலைகளில் ஊர் என்பதே சிக்கலான விஷயம். உரிமை காட்ட முடியாத காடும் தரிசும் சேனையும் முடிக்குரியவை என்றது 1840ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நிலம் கோப்பித் தோட்டமாயிற்று. 1869இல் இலைநோய் வந்து, பிறகு தேயிலையாயிற்று. மழையும் ஆறும் கெடும் என்று அறிவியலாளர்கள் எச்சரித்ததால் 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்கச் சொன்னார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே கோடரி பிடித்தவர்களில் சிங்களக் கிராமத்தவரும் உண்டு, மாத்தளை வழியே நடந்து வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மாரும் உண்டு. வெட்டிய நிலம் இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை.

கிராமத்தவருக்கு வீட்டுத் தோட்டமாவது மிஞ்சியது. கண்டிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். உயரத்தில் பலா, ஈரப்பலா, தென்னை, கித்துள். அதற்குக் கீழே கராம்பு, சாதிக்காய், கமுகு. கமுகைப் பற்றி ஏறிய மிளகு, அதன் நிழலில் கோப்பி, தரையில் இஞ்சியும் மஞ்சளும். பெரும்பாலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்தான். காய், பழம், விறகு, பலகை, கித்துள் பாணி எல்லாம் அங்கேயே கிடைக்கும். பறவைக்கு அது தோட்டமில்லை, காடு. இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதை 1990இல் நிறுத்திய பிறகு, நாட்டின் மரத் தேவையில் பெரும் பங்கைத் தாங்குவது இத்தகைய தோட்டங்கள்தான். காணியுள்ள குடும்பம் விறகுக்காக மலையேறுவது குறைவு. புத்திமதி சொல்லி வந்த ஒழுக்கம் என்று இதை நினைக்க வேண்டாம். முற்றத்தில் பலா நிற்பதால் வந்த வசதி.

அதே மலையின் சரிவில், ரங்கலை, மடுல்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் லயத்து அடுப்புக்கு எது விறகு? கவ்வாத்து வெட்டும் மாதங்களில் மிலாறு கிடைக்கும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் தலைச்சுமையாகக் கட்டி வருவார்கள். மிலாறு தீர்ந்தால் காட்டோரம்தான். 2022இல் எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் நகரத்து வீடுகளே விறகுக்கு அலைந்ததை மறந்திருக்க மாட்டோம். லயத்தில் அது வருடம் முழுக்க உள்ள நிலைமை. தண்ணீரும் காட்டுத் தண்ணீர்தான், மேலேயிருந்து குழாயில் இறங்கிப் பீலியில் விழுகிறது. மேலே காடு எரிந்தால் கீழே முதலில் வற்றுவது பீலி. காட்டைக் காப்பதில் இவர்களைவிட அக்கறை யாருக்கு இருக்க முடியும்?

ஆனால் கிராமத்தை அலகாக வைத்து வரையும் வனத் திட்டத்தில் தோட்டம் என்பது பக்கத்திலிருக்கும் ஒரு வெற்றிடம். லயத்துக் காம்பரா தோட்டத்தின் சொத்து. தோட்ட வேலை போனால் காம்பராவும் ஆட்டம் காணும். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை ஆயிற்று. ஒரு பாதைக்கே முப்பது வருடம் காத்திருந்தவர்களை வனச் சங்கத்துக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? கூப்பிட்டாலும் கூட்டம் பகலில் என்றால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும். சிங்களத்தில் மட்டும் என்றால் பாதி விளங்காது. காற்றுக் காலத்தில் மானாப்புல் பற்றி எரியும்போது மட்டும் லயத்துக்காரரும் உள்ளூர்வாசிகள் ஆகிவிடுகிறார்கள், சந்தேகப் பட்டியலில்.

நேபாளத்தில் 1993ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்குப் பிறகு 22,000க்கு மேற்பட்ட சமூக வனக் குழுக்கள் உருவாகின. குழுவில் சேர அங்கே காணி உறுதி கேட்பதில்லை. அந்தக் காட்டைப் பயன்படுத்தும் குடும்பமா என்பதே கேள்வி. வசதியுள்ளவன் கை ஓங்குவது அங்கும் உண்டு என்றாலும், நிலமில்லாதவன் உள்ளே நுழைய ஒரு வாசலாவது இருக்கிறது.

மக்கள் கையில் விட்டால் காடு மிஞ்சாது என்கிற வனவியலாளர்களும் இருக்கிறார்கள். சுற்றுலாவே போதும், மீமுரைக் கிராமத்தைப் பாருங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் விருந்தாளியைத் தங்கவைத்துச் சம்பாதிக்க முதலில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் கண்டி மலைகள் சரிந்த பிறகு, சரிவுகளில் மரம் வேண்டும் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. யார் நடுவது, நட்டது யாருக்கு என்ற பேச்சு குறைவு. விளைச்சல் விழுந்து புல்லேறிய தேயிலை நிலம் பல இடங்களில் காட்டுக்கும் லயத்துக்கும் நடுவே சும்மா கிடக்கிறது. அதில் குடும்பத்துக்கு அரை ஏக்கர் கொடுத்து, கிராமத்தவர் வைத்திருப்பது போன்ற மரத்தோட்டம் போடச் சொன்னால் காட்டின் மேல் விழும் சுமை பாதியாவது இறங்கும் என்பது என் கணிப்பு. அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, குத்தகை நீளமாக இருக்க வேண்டும். கித்துள் பாளை விடுவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஐந்து வருடக் குத்தகைக்காரன் கித்துள் நடமாட்டான், போஞ்சிதான் போடுவான். இரண்டு, காகிதத்தில் கணவனோடு மனைவியின் பெயரும் இருக்க வேண்டும். விறகு சுமக்கும் தலை அவளுடையது.

இப்போது கையில் இருக்கும் கணக்கு வேறு. அண்மைக் காலத் தோட்ட வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்குப் பொதுவாகக் கிடைத்தது ஏழு பேர்ச் நிலமும் 550 சதுர அடி வீடும். ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீடு போக 1,350. அதில் படிக்கட்டு, மலசலகூடம், மண்சரிவுக்கு அணைகட்டிய சுவர், உடுப்புக் காயப்போடும் கொடி எல்லாம் போக, ஒரு பலாக்கன்று நடலாம். இருபது வருடத்தில் அதன் கிளை பக்கத்து வீட்டுக் கூரைக்குமேல் நிற்கும், சண்டை வரும். அப்போது வெட்டலாம் என்றால், 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா மரம் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும். விண்ணப்பத்தோடு காணி உறுதியும் கேட்பார்கள்.