அடும்பு காக்கும் கரை

கடற்கரை என்ற மாத்திரத்தில் நம்மிற் பலர்க்குச் சென்னை மெரினாவும், அங்குத் திரளும் மக்கட்கூட்டமும், சுண்டல் விற்போர் குரலுமே நினைவிற்கு வரும். யாம் ஈண்டு எழுதப் புகுவது அத்தகைய கரையைப் பற்றியதன்று. தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடையே, ஆளரவம் குன்றிய சிற்றூர் ஒன்றின் கரையைப் பற்றியதாகும். எம் அன்னையாரைப் பெற்ற பாட்டியார் அவ்வூரில் வாழ்கின்றார். சென்ற கோடை விடுமுறையில் பெற்றோருடனும் தம்பியுடனும் அங்குச் சென்று நான்கு நாள் தங்கினோம். புத்தகத்திற் படித்தும் அறியாதிருந்த ஒன்றை அந்நாட்களில் அறிந்தோம். அதனை நண்பர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டியார் இல்லத்திற்கும் கடலுக்கும் நடுவே ஓராளின் உயரத்திற்கும் மேற்பட்ட மணல்மேடு ஒன்று உளது. அதன் மீது பசுங்கொடியொன்று வலைபோற் படர்ந்திருக்கின்றது. முதல் நாள் மாலை, எந்தையார் அம்மேட்டை நோக்கி, “அத்தை, இதைச் சமப்படுத்திவிட்டால் திண்ணையில் இருந்தபடியே கடலைக் காணலாமே, காற்றும் தடையின்றி வரும்” என்றார். பாட்டியார் விடை கூறவில்லை. அவ்வேளையில் எம் தம்பி அக்கொடியை வேரோடு இழுத்துக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தான். அதைக் கண்டதும் அவர், “அப்பு, அடப்பங்கொடியை விட்டுவிடு. அது நம் வீட்டு வேலி” என்றார்.

அடப்பங்கொடி என்ற அச்சொல் எம்மைத் திடுக்கிடச் செய்தது. அது நம் சங்க நூல்கள் கூறும் அடும்பே அன்றோ! நெய்தற்றிணையின் கருப்பொருள்களை வகுப்பில் தடையின்றி ஒப்பித்த யாம், அடும்பின்மேல் நின்றுகொண்டே அஃது இன்னதென்று அறியாதிருந்தோம். வெட்கத்துடன் குனிந்து அதன் இலையைப் பார்த்தோம். தடித்து, நடுவே பிளவுபட்டு இருந்தது. குறுந்தொகைப் புலவர் ஒருவர் இவ்விலையை மானின் அடிக்கு ஒப்பிட்டார். பல நூற்றாண்டுகட்குப் பின், 1753ஆம் ஆண்டில், லின்னேயஸ் என்னும் அறிஞர் ஆட்டின் அடி எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இதற்கு இட்டார். ஒருவரையொருவர் அறியாத இருவர் கண்களுக்கும் அது குளம்பாகவே தோன்றியது வியப்பன்றோ!

இனி, இக்கொடி வேலியாவது எங்ஙனம் என்பதைக் கூறுவோம். கடற்காற்று உலர்ந்த மணலைத் தரையொட்டித் துள்ளத் துள்ளக் கொணர்கின்றது. வெறுந்தரையில் அம்மணல் ஊருக்குள் ஓடிவிடும். வழியில் அடும்பு இருப்பின், இலைகளிலும் தண்டுகளிலும் பட்டுக் காற்றின் வேகம் தணிய, அது சுமந்து வந்த மணல் அங்கேயே விழுகின்றது. விழுந்த மணல் கொடியை மூடுமாயின், பிற செடிகள் மடியும். அடும்போ கணுத்தோறும் வேர்விட்டு, மூடிய மணலுக்கு மேலே தலைநீட்டும். மீண்டும் மணல் சேரும். மீண்டும் கொடி எழும். இவ்வாறு சிறிது சிறிதாக மேடு வளர்கின்றது. இராவணன் மீசை என்று நம் மக்கள் வழங்கும் முட்புல்லும் இப்பணியில் இதற்குத் துணையாகும். அதன் உருண்டையான கதிர்கள் காற்றில் மணல்மேல் உருண்டோட, எம் தம்பி அவற்றைத் துரத்தி விளையாடினான்.

இங்ஙனம் சேர்ந்த மேடு கரையின் சேமிப்பு எனலாம். புயற்காலத்தில் பேரலைகள் மேட்டின் அடியை அரித்து மணலைக் கடலுக்குள் கொண்டுசெல்லும். அவ்வரிப்பிலேயே அலைகளின் வலிமை பெரிதும் செலவாகிவிடும். கடல் அமைதியுற்ற மாதங்களில் சிற்றலைகள் அம்மணலிற் பெரும்பகுதியைத் திரும்பக் கரை சேர்க்கும், காற்று அதனை மேட்டிற்கு ஏற்றும், அடும்பு பிடித்துக்கொள்ளும். மேட்டை வெட்டி அகற்றிய இடத்தில் கொடுத்து வாங்குதற்குக் கரையிடம் முதல் இல்லாது போகின்றது.

கடல் நிலத்தைக் கொள்ளும் என்பது அப்பகுதியினர் அறியாததன்று. பூம்புகாரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. 1306ஆம் ஆண்டில், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியும் கடலுக்கு இரையாயிற்று. அங்குக் கருங்கற்களைக் குவித்து அலையைத் தடுத்திருப்பதை யாம் நேரிற் கண்டோம்.

இரவு உணவிற்குப் பின் பாட்டியார் தாமே பேசத் தொடங்கினார். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் அன்றைய நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பாட்டியாரின் தங்கையாரும் ஒருவர் என்பதை யாம் முன்னரே அறிவோம். எவ்வாறு என்பதை அன்றே அறிந்தோம். படகுகளை எளிதில் ஏற்றி இறக்க வேண்டி மேட்டை ஓரிடத்தில் வெட்டி வழி செய்திருந்தனராம். தங்கையாரின் வீடு அவ்வழிக்கு நேரே இருந்தது. “எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் வந்தது, மாப்பிள்ளை. அவள் வீட்டில் சுவரே இல்லை” என்று கூறி அவர் நிறுத்திக்கொண்டார். எந்தையார் நெடுநேரம் பேசவில்லை.

அடும்பு படர்ந்த மேடு எவ்வலையையும் தடுத்துவிடும் என்று யாம் சொல்லத் துணியோம். அத்தகைய பேரலை எந்த மேட்டையும் கடக்க வல்லது. ஆயினும், மேடுகள் சிதையாதிருந்த இடங்கள் பலவற்றில் சேதம் குறைந்தது என்பது ஆராய்ந்தோர் கண்ட உண்மை. 2011, 2019ஆம் ஆண்டுகளில் நடுவணரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகளும் மணல்மேடுகளைக் காக்கத்தக்க இடங்களின் முதல் வகுப்பிற் சேர்த்துள்ளன.

மறுநாட் காலை யாம் எழுந்து வந்தபோது, எந்தையார் தம்பியை அருகில் அமர்த்திக்கொண்டு, அவன் பிடுங்கிய கொடியின் கணுக்களை ஈரமணலிற் புதைத்துக்கொண்டிருந்தார். திண்ணையிலிருந்து கடலைக் காணும் பேச்சு அதன்பின் எழவில்லை. மேட்டின் மேல் ஏறி நின்று, ஊதா நிறப் பூக்களின் நடுவே, யாவரும் கடலைக் கண்டோம்.

கல்லூரிக்குத் திரும்பிய பின், பாட்டியார் தொலைபேசியில் அன்னையாரிடம், “மாப்பிள்ளை நட்டதில் இரண்டு துளிர்த்துவிட்டன என்று சொல்” என்றாராம். நண்பர்காள், நீவிரும் உம் குடும்பத்தாருடன் அமைதியான கடற்கரையொன்றிற்குச் செல்வீராயின், மணலில் கால் வைக்குமுன் குனிந்து பாருங்கள். குளம்பு போன்ற இலை தென்படுமாயின் அதனைச் சுற்றி நடந்து செல்லுங்கள்.