வெள்ளாயணிக் காயலின் மருந்துக் கணக்கு

தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறியில் பூச்சிமருந்து அதிகம் என்று 2015இல் கேரளத்தில் எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். சந்தைக் காய்கறியைச் சோதித்து, எதில் எந்த மருந்தின் எச்சம் எவ்வளவு என்று அறிக்கை தரும் ஆய்வுக்கூடம் ஒன்று திருவனந்தபுரத்தின் தெற்கே, வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் இருக்கிறது. அந்தக் கல்லூரியை ஒட்டியே வெள்ளாயணிக் காயல் கிடக்கிறது. கேரளத்தின் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்றான இதன் நீர் சுற்றுவட்டாரக் குடிநீருக்கும் போகிறது. எச்ச அறிக்கை உண்பவரைக் காக்கும், ஆனால் காயலைக் காக்காது. பாகற்காய் சோதனையில் சுத்தமாகத் தேறுவதற்கு, அதன்மேல் அடித்த மருந்தை முந்தின வாரத்து மழை கழுவிக் காயலுக்குக் கொண்டுபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே கணக்கைத் தட்டில் தொடங்கினால் போதாது, தெளிப்பான் வயலில் இறங்குகிற இடத்தில் தொடங்கவேண்டும்.

காயலைச் சுற்றிக் கல்லியூர், வெங்ஙானூர், புஞ்சக்கரிப் பக்கங்களில் நெல் குறைந்து வாழையும் பயறும் பாகலும் புடலும் பெருகிவிட்டன. பழைய வயலில் மண்ணைக் கூட்டி மேட்டுப்பாத்தி போட்டு, இடையே வாய்க்கால் விட்டுத்தான் காய்கறி பயிராகிறது. அந்த வாய்க்காலின் வேலையே தண்ணீரை வெளியேற்றுவது. ஓணத்துக்குக் காய் வேண்டுமென்றால் மே, ஜூனில் நடவேண்டும். பயிரில் பூச்சி விழுவதும் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதும் ஏறக்குறைய ஒரே வாரங்களில் நடக்கின்றன. ஆண்டு முழுதுக்குமான சராசரியில் இந்த மோதல் தெரியாது. கேரளத்தில் ஏக்கருக்கு இத்தனை கிராம்தான் என்று சொல்லி ஆறுதல் அடைவது, ஆற்றின் சராசரி ஆழத்தை நம்பிக் கால் வைப்பதைப் போன்றது.

சராசரிக்குப் பதிலாக வேண்டியது, எந்த வயலில் எந்த மருந்து எப்போது இறங்குகிறது என்று காட்டும் வரைபடம். அது நடக்கக்கூடியதுதான். கலிபோர்னியாவில் 1990 முதல், வேளாண்மைக்கு அடிக்கிற ஒவ்வொரு மருந்தும் எந்தப் பயிரில், எந்தத் தேதியில், எவ்வளவு என்று அரசுக்குத் தெரிவிக்கப்படுகிறது. இடம் ஏறத்தாழ ஒரு மைல் சதுரக் கட்டம்வரை பதிவாகிறது. அந்தப் பதிவின்மேல் நான்கு விவரங்களை ஏற்றினால் ஆபத்து எங்கே குவிகிறது என்று தெரியும்: மருந்து நீரில் எவ்வளவு கரைகிறது, மண்ணில் எத்தனை நாள் நிற்கிறது, நீர்வாழ் உயிருக்கு எவ்வளவு நஞ்சு, வயலுக்கும் நீர்நிலைக்கும் இடையே சரிவும் தூரமும் எவ்வளவு. கிலோக் கணக்கு மட்டும் இங்கே ஏமாற்றும். மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் மருந்து ஒரு கிலோவைவிட, நன்றாகக் கரைந்து ஓடும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து ஐம்பது கிராம் நீர்ப்பூச்சிகளுக்கு மோசமாக இருக்கக்கூடும்.

இந்த மருந்து ஏரியில் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் சிஞ்சி ஏரியைப் பார்க்கலாம். அதுவும் நெல்வயல் வடிநீர் சேரும் ஏரி. 1993இல் அப்பகுதி வயல்களில் இமிடாகுளோபிரிட் வகை மருந்துகள் வந்தன. நீரில் மிதக்கும் சிற்றுயிர்கள் சரிந்தன, அவற்றைத் தின்று வாழ்ந்த வாகசாகி மீனின் ஆண்டுப் பிடிப்பு சராசரியாக 240 டன்னிலிருந்து 22 டன்னாக விழுந்தது. 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இது. ஒரே காலத்தில் நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் ஏரியில் என்ன மாறியது, வயலில் என்ன வந்தது என்று இரண்டு பக்கத்திலும் நீண்டகாலப் பதிவு இருந்ததால்தான் அந்தக் கேள்வியையே அவர்களால் எழுப்ப முடிந்தது. இங்கே ஒருநாள் மீன் குறைந்தால், சாக்கடை, ஆகாயத்தாமரை, ஆக்கிரமிப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். சாக்கடை பெரிய குற்றவாளியாகவே இருக்கட்டும், அதை நிறுவவும் மருந்துக் கணக்கு வேண்டும்.

நேரே காயல் நீரையே சோதித்தால் என்ன? சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் மருந்து பெருமழைக்குப் பின் சில மணி நேரம் வந்து போகிறது, மாதிரிக் குப்பி மாதம் ஒருமுறை இறங்குகிறது. தவிர, எந்த மருந்தைத் தேடுவது என்று ஆய்வுக்கூடத்துக்கு யாராவது சொல்லவேண்டும். வரைபடம் செய்யக்கூடிய முதல் உதவி அதுதான். இதைவிடக் கனமான மறுப்பு விவசாயியின் தரப்பிலிருந்து வரும். பத்து சென்ட் குத்தகை நிலத்தில் பயறு போடுபவரிடம் ஒரு பதிவேட்டை நீட்டினால், அது நாளை தன்மேல் வழக்காகும் என்றுதான் அவர் நினைப்பார். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைக் காசர்கோட்டில் வானிலிருந்து தெளித்தது அரசுத் தோட்டக் கழகம், சிறு விவசாயி அல்ல. ஆகவே அவர் சந்தேகம் அர்த்தமற்றதல்ல. பதிவை அவரிடம் கேட்பதைவிடக் கடையில் தொடங்குவது மேல். விற்பனைப் பதிவேடு வைப்பது வியாபாரிக்கு ஏற்கெனவே சட்டக் கடமை. களைக்கொல்லியான கிளைபோசேட்டுக்கு 2019 பிப்ரவரியில் தடை வந்தபோது, பிற மருந்துகளுக்கும் வேளாண் அலுவலரின் சீட்டு வேண்டும் என்று கேரள அரசு வலியுறுத்தியது. அந்தச் சீட்டில் பயிரும் வார்டும் இருந்தால் போதும், பெயர் வெளியே வரவேண்டியதில்லை.

இதில் ஓர் ஓட்டை உண்டு, அது நம் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது. வாழைக்குப் போடும் குருணை மருந்தான கார்போபியூரானைக் கேரளம் 2011இல் தடைசெய்தது. அதன் ஒரே குருணை சிறு பறவையைக் கொன்றுவிடும். எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் அந்த மாநிலத் தடை செல்லாது. ஆகவே திருவனந்தபுரத்துக் கடைகளின் கணக்கு மட்டும் போதாது, மார்த்தாண்டம் கடைகளின் பதிவேட்டையும் சேர்த்து எண்ணினால்தான் புஞ்சக்கரிக்கான வரைபடம் உண்மையாகும்.