சணல் எது, சணப்பை எது, ‘ஹெம்ப்’ எது?

சணல் என்ற சொல் நம் கடைகளில் நாள் முழுவதும் புழங்குகிறது. சாக்கு சணல், சிப்பம் கட்டும் கயிறு சணல், மூட்டை தைக்கும் நூலும் சணல். அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செடிகள் இருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இதுநாள் வரை அதற்கு அவசியமும் இருக்கவில்லை. இப்போது ‘இண்டஸ்ட்ரியல் ஹெம்ப்’ என்ற பயிரின் புகழ் எங்கும் பேசப்படுகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் சிலர் அதையும் ‘தொழில் சணல்’ என்றே பெயர்க்கிறார்கள். ‘சணல்தானே, நாமும் வாங்கி விற்கலாமே’ என்று வணிகர் எவரேனும் இறங்கினால் வரக்கூடிய தொல்லை சிறியதல்ல. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நம் சாக்குச் சணல் வங்காளத்துப் பயிர். கல்கத்தாவுக்கு அருகில் ரிஷ்ராவில் 1855-ல் முதல் ஆலை தொடங்கியது முதல் இன்று வரை ஹூக்ளி ஆற்றங்கரையே அதன் தலைமையிடம். நாம் ‘கோணி’ என்பதுதான் ஆங்கிலேயர் வாயில் ‘கன்னி பேக்’ ஆயிற்று. பிளாஸ்டிக் சாக்கு வந்த பிறகும் சணல் சாக்கு அழியாமல் இருப்பதற்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு காரணம். அதன் கீழ் 2023-24 சணல் ஆண்டுக்கு உணவு தானியத்தில் 100 சதவீதமும் சர்க்கரையில் 20 சதவீதமும் சணல் சாக்கில் கட்ட வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. சட்டத்தை விட்டுவிட்டாலும், அட்டி போட்டால் சரியாது, தானியத்துக்குக் காற்றோட்டம் உண்டு என்பதைக் கிட்டங்கி வைத்திருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம். ஆலையில் நாரைப் பதப்படுத்தக் கனிம எண்ணெய் தெளிப்பதுண்டு. ஏலம், காப்பிக்கொட்டை போன்ற வாசனைச் சரக்கைக் கட்டுவதற்கு முன் சாக்கை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம்.

இனி ‘ஹெம்ப்’. நேராகச் சொன்னால் இது கஞ்சாச் செடியின் இனமேதான். போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத ரகங்களையே தொழில் பயிர் என்கிறார்கள். அதன் பயன்கள் பொய்யல்ல. தண்டின் பட்டையிலிருந்து உறுதியான நார் கிடைக்கிறது. கப்பல் கயிறும் பாய்த்துணியும் ஒரு காலத்தில் அதில்தான் ஆயின. ‘கான்வாஸ்’ என்ற சொல்லே ‘கன்னாபிஸ்’ என்ற அச்செடியின் பெயரிலிருந்து வந்தது. நார் உரித்த பிறகு மிஞ்சும் தக்கையைச் சுண்ணாம்புடன் பிசைந்து சுவர் எழுப்புகிறார்கள். எல்லோராக் குகைகளின் பழைய சாந்தில் இந்தச் செடியைக் கலந்திருப்பதை 2016-ல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. பூச்சி அரிக்காமல் அந்தச் சாந்து தாங்கியதற்கு இதுவே காரணம் என்பது ஆய்வாளர் கருத்து. விதையில் எண்ணெயும் புரதமும் உண்டு. குமாவோன் மலைமக்கள் அதைத் துவையல் அரைத்து உண்கிறார்கள்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இச்செடியைப் பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு தனி ஆணையால் அனுமதிக்கலாம் என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. அந்த வழியில் 2018-ல் முதன்முதலாக உரிமம் கொடுத்தது உத்தரகண்ட் மாநிலம். உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2021-ல் இதன் விதைக்கும் எண்ணெய்க்கும் அளவு வரம்பு வகுத்தது. எனவே வரம்புக்கு உட்பட்ட விதை, எண்ணெய், துணி ஆகியவற்றை முறையான பில்லுடன் வாங்கி விற்பது வேறு. ‘நிலம் கொடுங்கள், நாற்று தருகிறோம், விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று யாராவது வந்து முன்பணம் கேட்பது வேறு. அப்படி வருபவரிடம் தமிழ்நாடு அரசின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரோடு மேற்கொண்டு பேச்சு எதற்கு?

நமக்கு அருகிலேயே இருப்பது மூன்றாவது செடி. அதுதான் சணப்பை. மஞ்சள் பூப் பூக்கும் இது பயறு வகைக் குடும்பம். கஞ்சாவோடு எந்த உறவும் கிடையாது, பயிரிட யாரும் தடை சொல்வதும் கிடையாது. ஆங்கிலத்தில் ‘சன் ஹெம்ப்’ என்று பெயர் வைத்துக் குழப்பியது அவர்கள் செய்த வேலை. நைலான் வருவதற்கு முன் கயிறு, வலை, சாக்கு எல்லாவற்றுக்கும் உதவிய நார் இது. சிகரெட் சுற்றும் மெல்லிய தாளுக்கும் இந்த நார் ஆகும். நாருக்கென்று விட்டால் செடியை முற்றவிட்டு அறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அழுகிய பட்டையை அடித்து அலச வேண்டும். அந்த நாற்றத்தைத் தாமிரபரணியில் கலக்க நாம் ஒருநாளும் யோசனை சொல்ல மாட்டோம். பத்தமடையில் கோரையை ஆற்றில் ஊற வைக்கிறார்களே என்று கேட்கலாம். அது ஓடுகிற நீரில் உப்பி வருவதற்காக வைப்பது, அழுகுவதற்காக அல்ல.

ஆகவே இங்கே சணப்பையின் வியாபாரம் நாரில் இல்லை, விதையில் இருக்கிறது. பிசானம் அறுத்த பிறகு, பாபநாசம் அணை திறந்து கார் நடவு தொடங்கும் வரை வயல் சும்மா கிடக்கிறது. அந்த இடைவெளியில் கோடை மழையை நம்பிச் சணப்பையோ தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ விதைத்து, பூக்கும் தறுவாயில் 45 முதல் 60 நாளுக்குள் மடக்கி உழுதால் மண்ணுக்கு எக்டேருக்கு 13 முதல் 15 டன் வரை பசுந்தழை சேரும். வேர் முடிச்சில் காற்றின் தழைச்சத்தும் சேர்கிறது. யூரியா மூட்டையில் ஒரு பங்கு மிச்சம். எக்டேருக்கு 25 முதல் 35 கிலோ விதை வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசே 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை வழங்கத் திட்டம் அறிவித்தது. மானிய விதை கைக்கு வரும் வரை மழை காத்திருக்காது என்பதும் விவசாயிகளுக்குத் தெரியும். மழை பெய்த மறுநாள் விதை கேட்டு அவர்கள் வரும் இடம் நம் கடைதான்.

அப்போது இருப்பு இருக்க வேண்டுமானால் பங்குனிக்குள் வாங்கி வைத்துவிடுவது நல்லது. பழைய விதை முளைக்காது. நூறு விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகே மூட்டைக்கு விலை பேசுங்கள். விதை விற்பனை உரிமம் பற்றிய ஐயங்களை வேளாண்மை விரிவாக்க மையத்தில் முன்னதாகவே கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். மாட்டுத் தீவனமும் சேர்த்து விற்கும் கடைகளில் சணப்பை விதை மூட்டையைத் தனியே, பெயர் எழுதி வைக்க வேண்டும். அந்த விதை கால்நடைக்கு நஞ்சு. பருத்திக்கொட்டையோடு ஒரு படி கலந்துவிட்டாலும் பாதிக்கப்படுவது நம் வாடிக்கையாளர் வீட்டு மாடு.